கேள்வியைப் பூட்டும் கை யாருடையது?

ஓசூர் சிப்காட்டில் ஷிப்டு விட்டு வெளியே வரும் தொழிலாளியும், தேன்கனிக்கோட்டைப் பக்கம் ராகிக் கதிர் அறுத்துவிட்டு வீடு திரும்பும் விவசாயத் தொழிலாளியும் இந்தக் கட்டுரையின் விஷயம் தெரிந்ததும், "கம்ப்யூட்டர்க்காரர்கள் சண்டை நமக்கு எதற்கு?" என்று பக்கத்தைப் புரட்டிவிடக் கூடும். தோழர்களே, புரட்ட வேண்டாம்! அந்தச் சண்டையில் அடிபடுவது உங்கள் வீட்டுப் பிள்ளைகள். விடியற்காலையில் ஜூஜூவாடி எல்லையைத் தாண்டி, அத்திப்பள்ளி வழியாக எலக்ட்ரானிக் சிட்டிக்குப் பஸ் ஏறிப் போகிறார்களே, அந்தப் பிள்ளைகள். நிலத்தை அடகு வைத்தும், மாங்காய்ச் சீசனில் கூழ்த் தொழிற்சாலையில் இரவும் பகலும் நின்றும் நீங்கள் படிக்க வைத்த பிள்ளைகள்.

விஷயம் இதுதான். லேத்தில் நிற்கும் புதுப் பையனுக்கு மரை பிசகினால் என்ன செய்வான்? பக்கத்து மிஷினில் இருக்கும் மூத்த தொழிலாளியிடம் போய், "அண்ணே, இது ஏன் இப்படிப் போகுது?" என்று கேட்பான். அவரும் இரண்டு வசவு வைதாலும், கையைப் பிடித்துக் காட்டிக் கொடுப்பார். தொழில் இப்படித்தான் தலைமுறை தலைமுறையாகக் கைமாறி வந்திருக்கிறது. எந்த முதலாளியும் அதற்குத் தனியாகக் கூலி கொடுத்ததில்லை. கம்ப்யூட்டர் புரோகிராம் எழுதும் தொழிலாளிக்குப் பக்கத்து மிஷின் அண்ணன் உலகம் முழுக்கச் சிதறிக் கிடக்கிறார். இவன் கேள்வியை எழுதிப் போட்டால், வேறு ஏதோ ஒரு தேசத்தில் இருக்கும் ஒருவர் பதில் எழுதுகிறார். 2008ஆம் வருஷம் ஜெஃப் அட்வுட், ஜோயல் ஸ்போல்ஸ்கி என்ற இரண்டு அமெரிக்கர்கள் இதற்காக ஸ்டாக் ஓவர்ஃப்ளோ என்று ஓர் இடத்தைத் திறந்தார்கள். கேட்பவர் காசு கட்டுவதில்லை, பதில் சொல்பவருக்குக் கூலியும் இல்லை. இரண்டு கோடிக்கு மேற்பட்ட கேள்விகள் அங்கே குவிந்தன. மனிதர்கள் ஒருவருக்கொருவர் இனாமாகக் கொடுத்த அறிவு இத்தனை பெரிய குவியலாக ஒரே இடத்தில் சேர்ந்தது சரித்திரத்தில் அபூர்வம் என்றே சொல்வோம்.

இனி, அங்கே நம் பிள்ளைக்கு நடப்பதைப் பாருங்கள்.

பர்கூர் அரசுப் பொறியியல் கல்லூரியில் படித்து, முதல் வேலையில் சேர்ந்திருக்கும் ஒரு பையன் என்று வைத்துக்கொள்வோம். வீட்டில் தெலுங்கோ கன்னடமோ, தெருவில் தமிழ், பள்ளிக்கூடத்திலும் தமிழ். இராத்திரி பதினோரு மணிக்கு அவன் எழுதிய புரோகிராம் ஓடவில்லை. காலையில் மேனேஜருக்குப் பதில் சொல்லியாக வேண்டும். தெரிந்த இங்கிலீஷில் கேள்வியை எழுதிப் போடுகிறான். பத்து நிமிஷம் ஆவதற்குள் கேள்வியின் மேல் ஒரு பூட்டு விழுகிறது. "இது ஏற்கனவே கேட்கப்பட்டது", "இது தெளிவாக இல்லை", "இது இந்த இடத்துக்கு உரியதல்ல". காரணம் ஒரு வரி. அதுவும் முன்கூட்டியே அச்சடித்து வைத்த வரி! ஏற்கனவே கேட்ட கேள்வி என்று காட்டப்படும் பழைய கேள்வியைத் திறந்து படித்தால், அது இவன் கேட்டதற்குச் சித்தப்பா மகன் முறை. சொந்தம் உண்டு, ஆனால் அதே ஆள் இல்லை.

அங்கே எல்லாம் புள்ளிக் கணக்கு. ஒருவர் எழுதியதை மற்றவர் நன்று என்று ஓட்டுப் போட்டால் 10 புள்ளி. 15 புள்ளி இருந்தால்தான் நீ மற்றவருக்கு நன்று என்று ஓட்டுப் போடலாம். 50 இருந்தால்தான் பிறர் கேள்வியின் கீழே ஒரு சந்தேகம் கேட்கலாம். 3000 சேர்ந்தவருக்குக் கேள்வியை மூட ஓட்டுண்டு. அப்படி மூன்று பேர் சேர்ந்தால் கேள்வி மூடிவிடும். ஒரு துறையில் தங்கப் பதக்கம் வாங்கியவரோ, "இது பழைய கேள்வி" என்று தனியொருவராகவே பூட்டிவிடலாம். அழிக்கப்பட்ட கேள்வியை மற்றவர்கள் பார்க்க வேண்டுமென்றால் 10,000 புள்ளி வேண்டும். சொத்துள்ளவனுக்கு மட்டும் ஓட்டு என்று வெள்ளைக்காரன் வைத்த வாக்குரிமையைப் பற்றி நம் பாட்டனார்கள் சொல்லக் கேட்டிருக்கிறோம். அது 21ஆம் நூற்றாண்டில் கம்ப்யூட்டருக்குள் குடிபுகுந்திருக்கிறது!

மேல்முறையீடே கிடையாது என்று நாம் பொய் சொல்ல மாட்டோம். உண்டு. கேள்வியைத் திருத்தி எழுதினால் மறுபடி திறக்க ஓட்டெடுப்பு நடக்கும். ஓட்டுப் போடுவது யார்? அதே 3000 புள்ளிக்காரர்கள்தான். மூடிய கேள்விக்குப் பதிலும் வராமல், புள்ளியும் ஏறாமல் கிடந்தால், சில நாட்களில் அது தானாகவே அழிந்து போகும். வேலைக்குப் புதியவன் வாயைத் திறந்த முதல் தடவையே வாயில் அடி. இரண்டாம் தடவை அவன் கேட்கவே மாட்டான். இது நம்முடைய மிகைப் பேச்சு அல்ல. புதியவர்களுக்கும், பெண்களுக்கும், வெள்ளையரல்லாதவர்களுக்கும் தங்கள் இடம் வரவேற்பாக இல்லை என்று 2018 ஏப்ரலில் அந்தக் கம்பெனியே பகிரங்கமாக எழுதி ஒப்புக்கொண்டது.

ஆகவே நம் பிள்ளைக்குக் கோபம் வருகிறது. யார் மேல் வருகிறது? பூட்டுப் போட்ட மாடரேட்டர் மேல் வருகிறது. சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்க மாட்டான் என்று பல்லைக் கடிக்கிறான். நியாயமான கோபம்தான். கங்காணியின் பிரம்பு முதுகில் விழும்போது, "பாவம், அவனும் கூலிதான்" என்று யாருக்கும் தோன்றாது. ஆனால் இங்கே ஒரு நிமிஷம் நின்று யோசிக்க வேண்டும்.

ராகிக் களத்தில் தூற்றாமல் தானியம் வருமா? பதரும் தூசியும் கல்லும் கலந்துதான் குவியல் வரும். அங்கே நாள்தோறும் வந்து விழும் கேள்விகளிலும் பதில்களிலும் பதர் ஏராளம். விளம்பரக்காரன், ஏமாற்றுக்காரன், வீட்டுப்பாடத்தை அப்படியே கொட்டிவிட்டுப் போகிறவன் எல்லோரும் உண்டு. தூற்றுகிறவன் இல்லாவிட்டால் அந்தக் களம் ஒரே மாதத்தில் குப்பைமேடாகிவிடும். தூற்ற ஆள் வேண்டும் என்பதை நாம் மறுக்கவில்லை. அந்த வேலையைச் செய்கிறவர்களுக்குச் சம்பளம் கிடையாது. பகலில் ஒரு கம்பெனியில் உழைத்துவிட்டு, இரவில் இங்கே வந்து இனாமாகக் களம் தூற்றுகிறார்கள். அவர்களில் சிலருக்குத் தலைக்கனம் ஏறியிருப்பதும் உண்மை, அவர்கள் கூலியில்லாத ஆட்கள் என்பதும் உண்மை.

அப்படியானால் களம் யாருடையது? 2021ஆம் வருஷம் புரோசஸ் என்ற ஐரோப்பியக் கம்பெனி ஸ்டாக் ஓவர்ஃப்ளோவை 180 கோடி டாலருக்கு விலைக்கு வாங்கியது. புரோசஸ்ஸின் தாய்க் கம்பெனி தென்னாப்பிரிக்காவின் நாஸ்பெர்ஸ். 1915இல் பத்திரிகைக் கம்பெனியாகத் தொடங்கி, நிறவெறி ஆட்சிக்குத் தாளம் போட்டு, அதற்காக 2015இல் மன்னிப்புக் கேட்ட கம்பெனி அது. ஓசூர் தெருக்களில் சோற்றுப் பொட்டலம் சுமந்து பைக்கில் பறக்கும் நம் பையன்களுக்கும் இந்த எஜமானர் அந்நியர் அல்ல. 2024 நவம்பரில் ஸ்விக்கி பங்குச் சந்தைக்கு வந்தபோது அதன் மிகப்பெரிய பங்குதாரர் இதே புரோசஸ்தான்.

180 கோடி டாலருக்கு அவர்கள் வாங்கியது எதை? நாலு கட்டிடத்தையா? சில நூறு ஊழியர்களையா? இல்லை. லட்சக்கணக்கான தொழிலாளிகள் பதின்மூன்று வருஷமாக இனாமாக எழுதிக் குவித்த பதில்கள்தான் அங்கே சரக்கு. எழுதியவர்களுக்கு அந்த விலையில் ஒரு சல்லிக்காசும் போய்ச் சேரவில்லை. ஊரார் வீட்டு நெய்யே, என் பெண்டாட்டி கையே!

2023இல் கதையின் அடுத்த கட்டம் வந்தது. அதற்கு முந்திய வருஷம் 2022இன் கடைசியில் சாட்ஜிபிடி என்ற எந்திரம் வெளிவந்தது. கேட்ட கேள்விக்கெல்லாம் கண்ணை மூடிக்கொண்டு பதில் சொல்லும். சரியோ தப்போ, சொல்லும் தோரணை மட்டும் சரியாக இருக்கும். அந்தப் பதில்களை அள்ளிக்கொண்டு வந்து பலர் இங்கே கொட்டினார்கள். மாடரேட்டர்கள் 2022 டிசம்பரிலேயே அதற்குத் தடை போட்டார்கள். பதரைப் பதர் என்று சொல்லி ஒதுக்கினார்கள். 2023 மே மாதக் கடைசியில் கம்பெனி நிர்வாகம் தலையிட்டு, எந்திரப் பதில் என்ற சந்தேகத்தின் பேரில் அழிப்பதை அநேகமாக நிறுத்திவிடும்படி உத்தரவு போட்டது. ஊருக்குச் சொன்னது ஒன்று, மாடரேட்டர்களுக்கு உள்ளே கொடுத்த உத்தரவு இன்னொன்று என்று அவர்கள் அம்பலப்படுத்தினார்கள். சந்தேகத்தின் பேரில் தண்டித்தால் சில நாட்டார் அநியாயமாக அடிபடக்கூடும் என்று நிர்வாகம் காரணம் சொன்னதுதான் வேடிக்கை. நம் பர்கூர்ப் பையனின் கேள்வியில் ஆயிரம் தடவை பூட்டு விழுந்தபோது வராத இரக்கம், எந்திரச் சரக்குக்குக் கதவு திறக்க வேண்டிவந்தபோது பொங்கி வந்துவிட்டது!

2023 ஜூன் 5ஆம் தேதி மாடரேட்டர்கள் வேலைநிறுத்தத்தில் இறங்கினார்கள். ஆம், சம்பளமில்லாத வேலையில் வேலைநிறுத்தம்! ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் பகிரங்கக் கடிதத்தில் கையெழுத்திட்டார்கள். தூற்றும் முறத்தைக் கீழே வைத்தார்கள். குப்பை குவிந்தது. மக்கள் எழுதிய கேள்வி பதில்களை மூன்று மாதத்துக்கு ஒருமுறை மொத்தமாக எல்லோருக்கும் இனாமாக வெளியிடும் வழக்கத்தையும் கம்பெனி சத்தமில்லாமல் நிறுத்தி வைத்திருந்தது அந்தச் சமயத்தில்தான் வெளிச்சத்துக்கு வந்தது. கூச்சல் கிளம்பியதும் மறுபடி வெளியிட்டார்கள். இரண்டு மாதம் போராட்டம் நடந்து, ஆகஸ்டில் உடன்பாடு ஏற்பட்டது. எந்திரப் பதிலை எப்படி அடையாளம் கண்டு நீக்குவது என்பதை மாடரேட்டர்களோடு பேசித்தான் வரையறுக்க வேண்டியிருந்தது. கங்காணி என்று நாம் வைதவர்களுக்கு அன்றைக்குத்தான் தாங்கள் எந்தப் பக்கத்து ஆட்கள் என்பது புரிந்திருக்கும்.

அதே ஜூன் மாதம் ரெட்டிட் என்ற இன்னொரு கம்பெனியிலும் இதே கூத்து. அதன் கணக்கை வெளியார் கருவிகள் மூலம் படிக்கக் கம்பெனி பெரும் கட்டணம் போட்டதை எதிர்த்து, ஜூன் 12இல் ஆயிரக்கணக்கான பிரிவுகளின் மாடரேட்டர்கள் கதவைச் சாத்தினார்கள். அதன் தலைமை அதிகாரி ஸ்டீவ் ஹஃப்மன் அவர்களை என்னவென்று வர்ணித்தார் தெரியுமா? நிலப்பிரபு வம்சத்தாருக்கு ஒப்பிட்டார். கூலியில்லாமல் உழைக்கிறவன் ஜமீன்தாராம், பங்குச் சந்தைக்குப் போகத் தயாராகிக்கொண்டிருந்தவர் ஏழைக் குடியானவராம்! அந்த மாடரேட்டர்களின் உழைப்பு வருஷத்துக்குக் குறைந்தது 34 லட்சம் டாலர் பெறும் என்று 2022இல் அமெரிக்க ஆராய்ச்சியாளர்கள் கணக்குப் போட்டிருந்தார்கள். 2024 மார்ச்சில் ரெட்டிட் நியூயார்க் பங்குச் சந்தைக்கு வந்தது. எழுதியவர்களின் எழுத்தை கூகுளுக்கு விற்கும் ஒப்பந்தமும் அதே வருஷம் பிப்ரவரியிலேயே முடிந்திருந்தது.

ஸ்டாக் ஓவர்ஃப்ளோ மட்டும் சும்மா இருக்குமா? 2023 அக்டோபரில் தன் ஊழியர்களில் 28 சதவீதம் பேரை வீட்டுக்கு அனுப்பியது. 2024இல் முதலில் கூகுளோடும், மே மாதம் சாட்ஜிபிடியின் எஜமானரான ஓப்பன்ஏஐயோடும் ஒப்பந்தம் போட்டது. தொழிலாளி தொழிலாளிக்கு எழுதிக் கொடுத்த பதில், தொழிலாளியின் வேலையைப் பறிக்க வரும் எந்திரத்துக்குத் தீனியாயிற்று.

இதைக் கண்டு கொதித்த சிலர், "என் பதிலை நான் எடுத்துக்கொள்கிறேன்" என்று தாங்கள் எழுதியதை அழித்தார்கள், மாற்றி எழுதினார்கள். என்ன நடந்தது? அழித்த பதில்கள் திரும்பப் பழையபடி வைக்கப்பட்டன. எழுதியவர்கள் தற்காலிகமாக நீக்கி வைக்கப்பட்டார்கள்! கேள்வி கேட்டவனின் கேள்வியை அழிக்கலாம், அதற்கு அனுமதி வேண்டாம். பதில் எழுதியவன் தன் பதிலை அழித்தால் குற்றம். கேட்டால் காகிதத்தைக் காட்டுகிறார்கள். நீ சேர்ந்தபோது "சம்மதம்" என்று பொத்தானை அமுக்கினாயே, திரும்பப் பெற முடியாத உரிமம் கொடுத்தாயே என்கிறார்கள். அறுவடைக்கு முன்பு வெற்றுத்தாளில் கைநாட்டு வாங்கி வைத்துக்கொண்ட வட்டிக்கடைக்காரனை நம்மூரில் யாருக்குத் தெரியாது? அந்த உரிமம் உண்மையில் உலகத்துக்கே பொதுவாகக் கொடுத்தது. பெயரைச் சொல்லிப் பயன்படுத்து, நீயும் அதே போலப் பொதுவில் வை என்பது அதன் நிபந்தனை. எந்திரம் அரைத்துத் துப்பும் பதிலில் எழுதியவர் பெயர் எங்கே இருக்கிறது?

இதையெல்லாம் படித்துவிட்டு, "இது படித்தவர்கள் விவகாரம்" என்று ஒரு தோழர் இன்னமும் சொன்னால், 2021 பிப்ரவரி 1ஆம் தேதியை அவருக்கு நினைவூட்டுவோம். டில்லி எல்லையில் விவசாயிகள் குளிரில் கிடந்தபோது, மத்திய சர்க்கார் உத்தரவின் பேரில் டுவிட்டர் கம்பெனி ஏறத்தாழ 250 கணக்குகளை முடக்கியது. விவசாயிகளின் கிசான் ஏக்தா மோர்ச்சாவின் கணக்கும் அதில் ஒன்று. 2024 பிப்ரவரியில் விவசாயிகள் மறுபடி புறப்பட்டபோது மறுபடி முடக்கம். தனக்கு உடன்பாடில்லை, ஆனாலும் முடக்குகிறோம் என்று அந்தக் கம்பெனியே சொன்னது. இப்போது உத்தரவு போட சஹ்யோக் என்று ஒரு தனி வாசலே வைத்திருக்கிறார்கள். அதை எதிர்த்து அந்தக் கம்பெனி போட்ட வழக்கை, நமக்கு எல்லைக்கு அப்பால் இருக்கும் கர்நாடக உயர்நீதிமன்றம் 2025 செப்டம்பர் 24இல் தள்ளுபடி செய்தது. கோடீசுவரன் ஈலான் மஸ்க்கின் கம்பெனிக்காக நாம் கண்ணீர் விடவில்லை. பூட்டுக்கு இரண்டு சாவி இருக்கிறது, ஒன்று கம்பெனியிடம், இன்னொன்று சர்க்காரிடம், எழுதுகிறவனிடம் ஒன்றுமில்லை என்பதைத்தான் சுட்டுகிறோம்.

இந்தத் துப்புரவு வேலையில் கூலிக்கு நிற்கிறவர்கள் கதை இன்னும் கொடுமை. கென்யாவின் நைரோபியில் பெரிய கம்பெனிகளுக்காகக் கொலை, சித்திரவதைப் படங்களை நாளெல்லாம் பார்த்துப் பார்த்து நீக்கும் தொழிலாளிகள் மனம் நொறுங்கிப் போனார்கள். 2023 மே தினத்தன்று 150க்கு மேற்பட்டவர்கள் கூடித் தங்களுக்கென்று யூனியன் அமைக்க ஓட்டுப் போட்டார்கள்.

சில கனவான்கள் சொல்வார்கள்: "இனாமாகக் கிடைக்கிற இடம், பிடிக்காவிட்டால் வெளியே போ!" ஏரியை ஊரே கூடித் தூர்வாரியது. கரையை ஊரே கூடி உயர்த்தியது. மதகுக்குப் பூட்டுப் போட்டவன் வந்து, "தண்ணீர் பிடிக்காவிட்டால் வேறு ஊருக்குப் போ" என்றால் கேட்டுக்கொண்டு போகிறவர்களா நாம்? கெலவரப்பள்ளி அணையில் நுரை பொங்கி வரும்போது, மேலே கழிவை விட்டவன் யார் என்று நாம் கேட்காமலா இருக்கிறோம்?

ஆலையில்கூட ஒருவனை நீக்க வேண்டுமானால் குற்றப் பத்திரிகை, பதில் சொல்ல அவகாசம், விசாரணை என்று முறை உண்டு. 1946ஆம் வருஷ நிலையாணைச் சட்டத்தால் வந்த முறை அது. அதற்கும் வேட்டு வைத்தாகிவிட்டது. 2025 நவம்பர் 21 முதல் அமலுக்கு வந்த தொழில் உறவுத் தொகுப்பு, நிலையாணை வேண்டிய ஆலைக்கு 100 தொழிலாளர் என்றிருந்த வரம்பை 300 ஆக உயர்த்திவிட்டது. சின்ன ஆலைகள் நிறைந்த ஓசூருக்கு இது எத்தனை பெரிய அடி என்பதை வேறு இதழில் எழுதுவோம். ஆலையில் பறிபோவதும், கம்ப்யூட்டரில் முளைக்கவே விடாததும் ஒரே உரிமைதான். எழுதியதை அழிக்கிறவர் காரணத்தைத் தன் வார்த்தையில் எழுத வேண்டும். பூட்டியவரும் பூட்டியவரின் கூட்டாளியும் அல்லாத ஒருவர் முறையீட்டைக் கேட்க வேண்டும். மாடரேட்டரின் தலைக்கு மேலே கம்பெனி போடும் உத்தரவு எதுவானாலும் எல்லோர் கண்ணிலும் படும்படி ஒட்டப்பட வேண்டும்.

நம் பிள்ளைக்குத் தன் மொழியில் கேட்கும் உரிமையும் வேண்டும். போர்த்துக்கீசு, ஸ்பானிஷ், ரஷ்யா, ஜப்பான் மொழிக்காரர்களுக்கு ஸ்டாக் ஓவர்ஃப்ளோ தனித்தனி வாசல் வைத்திருக்கிறது. தமிழுக்கு இல்லை, கன்னடத்துக்கும் தெலுங்குக்கும் இல்லை, இந்திக்கும்கூட இல்லை. அண்ணா பல்கலைக்கழகம் 2010இலேயே சிவில், மெக்கானிக்கல் படிப்பைத் தமிழில் சொல்லிக் கொடுக்கத் தொடங்கியது. தமிழில் பாலம் கட்டலாம், தமிழில் ஒரு சந்தேகம் கேட்கக் கூடாதா? "தெளிவாக இல்லை" என்று மூடப்படும் கேள்விகளில் தொழில் தெரியாததால் மூடப்பட்டவை எத்தனை, இங்கிலீஷ் வராததால் மூடப்பட்டவை எத்தனை என்று யாராவது பிரித்துப் பார்த்தார்களா?

கூலியில்லாமல் பதில் எழுதி வந்தவர்கள் இப்போது மெல்ல மெல்லக் கையைக் கட்டிக்கொள்கிறார்கள். சாட்ஜிபிடி வந்த பிறகு அங்கே புதுக் கேள்விகளின் வரத்து சரிந்து கிடக்கிறது. எந்திரம் பூட்டுப் போடாது, வையாது, நம் பையனும் அதனிடமே போகிறான். ஆனால் அந்த எந்திரம் பேசுவது யாருடைய பேச்சு? பத்து வருஷத்துக்கு முன்பு யாரோ ஓர் அண்ணன் இனாமாக எழுதிக் கொடுத்ததைத்தான் அது திருப்பிச் சொல்கிறது. நாளைக்கு ஒரு புதுப் புரோகிராம் மொழி வந்தால், அதில் ஒரு புதுப் பிசகு வந்தால், எழுதி வைக்க யார் இருப்பார்கள்?

கம்பெனி இதற்கும் தன் வழியைப் பார்த்துக்கொண்டது. எல்லோருக்கும் இனாமாக வந்துகொண்டிருந்த அந்த மொத்தத் தொகுப்பு, வெளியாரின் பொதுக் களஞ்சியத்தில் யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளும்படி வைக்கப்பட்டிருந்தது. 2024 ஜூலையில் அதைத் தன் வாசலுக்கே கொண்டுவந்துவிட்டது. இப்போது அதை எடுக்க வேண்டுமானால் பெயர் பதிந்து உள்ளே போக வேண்டும், எந்திரத்துக்குப் பயிற்சி கொடுக்கப் பயன்படுத்தமாட்டேன் என்று உறுதி சொல்ல வேண்டும். எழுதிக் கொடுத்தவன் உறுதிமொழி கொடுக்கிறான், விற்றவன் வாங்கிக்கொள்கிறான்.